காற்றுக்குத் தெரியாத தேசம்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கம்பெனி அணிக்காக வருஷம் முழுக்க சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உலக சாம்பியன்ஷிப் அன்று மட்டும் நாட்டுக்காக ஓட்டுகிறார்கள். அன்றைக்கு யார் பக்கம் நிற்பார்கள்?"

இந்தக் கேள்விக்குப் பொருத்தமான பந்தயம் ஒன்று உண்டு. 2013 செப்டம்பர் 29, இத்தாலியின் ஃப்ளோரன்ஸ், 272 கிலோமீட்டர். கடைசியில் முன்னணியில் மிஞ்சியவர்கள் நான்கு பேர்: ஸ்பெயினின் ரோட்ரிகேஸ், வால்வெர்டே, இத்தாலியின் நிபாலி, போர்ச்சுகலின் ரூய் கோஸ்டா. நால்வரில் ஸ்பெயினுக்குத்தான் ஆள் பலம். ரோட்ரிகேஸ் தனியே பிய்த்துக்கொண்டு போனார். கோஸ்டா அவரைத் துரத்திப் பிடித்தார். கோட்டருகே கோஸ்டா முந்தினார். ரோட்ரிகேஸ் இரண்டாவது, வால்வெர்டே மூன்றாவது, நிபாலி நான்காவது. கோஸ்டா கிளம்பியபோது வால்வெர்டே பின்தொடரவில்லை. அந்த வருஷம் இருவருக்கும் சம்பளம் கொடுத்தது மோவிஸ்டார் என்ற ஒரே அணி.

துரோகம் என்று சொல்லிவிடுவது சுலபம். அதற்கு முன் காற்றைப் பார்த்துவிடுவோம்.

சமதரையில் சைக்கிள்காரரின் உழைப்பில் பெரும்பகுதியைத் தின்பது காற்றுதான். எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாகக் கூடும், அதற்குத் தேவைப்படும் திறன் மும்மடியாகக் கூடும். அதாவது வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, திறன் எட்டு மடங்கு. இது பள்ளிக்கூடப் பாடம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ. உடல் காற்றுக்குக் காட்டும் பரப்பையும் வடிவத்தையும் சேர்த்துச் சொல்லும் எண் 0.32 சதுர மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டரில் காற்றுக்கு மட்டும் 514 வாட். டயர் உராய்வுக்கு இன்னும் 44.

இப்போது இன்னொருவரின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் பின்னால் வாருங்கள். முன்னால் போகிறவர் காற்றைப் பிளக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னே அழுத்தம் குறைந்த, சுழல் நிறைந்த ஒரு வால் உண்டாகிறது. அந்த வாலில் காற்றும் அவர் போகும் திசையிலேயே கொஞ்சம் இழுபட்டு வருகிறது. அதற்குள் இருப்பவருக்கு எதிர்க்காற்றின் வேகமே குறைவு. எதிர்ப்பு 35 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், உராய்வையும் சேர்த்து 378 வாட்டில் வேலை முடிகிறது. முன்னால் இருப்பவருக்கோ 558. மேகத்தின் நிழலைப் போல இதுவும் ஒரு நிழல், காற்று நிழல்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். பின்னால் இருப்பவர் சும்மா வாங்கிக்கொண்டு மட்டும் வருவதில்லை. அவர் உடல் அந்தக் குறைந்த அழுத்த வாலை ஓரளவு நிரப்பிவிடுகிறது. அதனால் முன்னவரைப் பின்னோக்கி உறிஞ்சும் விசையும் குறைகிறது. முன்னவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று சதவீதம்தான், ஆனால் கிடைக்கிறது. கூட்டம் பெருகினால் கணக்கே மாறிப்போகும். 2018ல் பெர்ட் ப்ளோக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியில் உருவகித்தார்கள்; நாலில் ஒரு பங்கு அளவுப் பொம்மைகளை வைத்துக் காற்றுச் சுரங்கத்திலும் சோதித்தார்கள். கூட்டத்தின் நடுவயிற்றில் இருப்பவருக்கு எதிர்ப்பு, தனியே ஓட்டுகிறவருடையதில் ஐந்து முதல் பத்து சதவீதம்தான். ப்ளோக்கன் கட்டடங்களைச் சுற்றி ஓடும் காற்றை ஆராய்கிறவர். "சைக்கிளுக்கா ஆராய்ச்சிப் பணம்?" என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்: இரண்டுக்கும் சமன்பாடு ஒன்றே.

இந்த நிழல் மேட்டில் வேலைக்கு ஆகாது. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏறும்போது காற்றுக்குப் போவதே 33 வாட். அதில் மிச்சமாவது பதினொன்றோ பன்னிரண்டோ. ஆகவே நிழல் கொடுத்து உதவும் அணி விசுவாசம் பெரும்பாலும் சமதரைச் சரக்கு.

ஃப்ளோரன்ஸுக்குத் திரும்புவோம். ரோட்ரிகேஸ் முன்னால் இருக்கும்வரை வால்வெர்டே காற்றில் முகம் காட்ட வேண்டியதே இல்லை. நிபாலியோ கோஸ்டாவோ இழுக்கட்டும் என்று பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும். அவருடைய ஒரே வேலை, யார் பாய்ந்தாலும் அவர் சக்கரத்தை விடாமல் பிடிப்பது. பிடித்திருந்தால் இரண்டு ஸ்பெயின்காரர்களுக்கு எதிராக ஒரு கோஸ்டா. அதிலும் வால்வெர்டே கடைசிப் பாய்ச்சலில் கெட்டிக்காரர். அந்த ஒரு நொடியைத் தவறவிட்டால் என்ன செலவு? பத்து மீட்டர் இடைவெளி விழுந்தது என்று வையுங்கள். முன்னவர் 50ல் போக, பத்து விநாடியில் அதை மூட 53.6 வேண்டும். நிழல் கிடையாது, ஆகவே 680 வாட். சக்கரத்திலேயே இருந்திருந்தால் 378. வேகத்தைக் கூட்டும் ஆற்றலை நான் இதில் சேர்க்கவே இல்லை.

272 கிலோமீட்டருக்குப் பிறகு கால் காலியானவரும் இப்படித்தான் பின்தங்குவார், மனசு வராதவரும் இப்படித்தான் பின்தங்குவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காட்சி. அதனால்தான் இந்த விளையாட்டில் விசுவாசத்தை நிரூபிப்பதும் கஷ்டம், மறுப்பதும் கஷ்டம்.

சம்பளக் கணக்கு அப்படிக் குழப்பமானதல்ல. மாதச் சம்பளம், அடுத்த ஒப்பந்தம், சைக்கிள் எல்லாம் கம்பெனி அணியிலிருந்து வருகின்றன. நாடு தருவது ஒரு நாள் மேலாடை. 1930லிருந்து 1961 வரை பிரான்ஸின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸே நாட்டு அணிகளாகத்தான் நடந்தது. அப்போதும் இந்தச் சிக்கல் தீரவில்லை. 1959ல் பிரான்ஸின் வட்டார அணி ஒன்றில் ஓட்டிய ஆங்லாட் வென்றுவிடக் கூடாதென்று, தேசிய அணியின் அன்க்கெத்திலும் ரிவியேரும் ஸ்பெயினின் பாஹமோன்டெஸைத் துரத்தாமல் விட்டார்கள் என்பது அன்றிலிருந்து சொல்லப்படும் குற்றச்சாட்டு. பாஹமோன்டெஸ் வென்றார். பாரிஸில் அன்க்கெத்திலுக்குக் கிடைத்தது கேலிக் கூச்சல்.

பல கம்பெனிக்காரர்கள் கலந்த நாட்டு அணியில் சின்னத் தொல்லைகளும் உண்டு. வெளியே பேசப்படாதவை இவை. கம்பெனி அணியில் தலைவரின் சக்கரம் பஞ்சரானால் உதவியாளர் தன் சக்கரத்தையோ வண்டியையோ கொடுத்துவிடுவார். நாட்டு அணியில் ஆளுக்கொரு கம்பெனி வண்டி. பெடல் ஒரு தயாரிப்பு, ஷூவின் அடித்தகடு இன்னொரு தயாரிப்பு என்றால் கால் மாட்டாது. டிஸ்க் பிரேக் வந்தபின் சக்கரம் மாற்றினாலும் தட்டு உரசும்.

காதில் ரேடியோவும் கிடையாது. உலக சாம்பியன்ஷிப், ஒலிம்பிக்ஸ் இரண்டிலும் தடை. யார் எவ்வளவு தூரம் முன்னால் போகிறார்கள் என்பதை மோட்டார் சைக்கிளில் காட்டும் பலகையிலும் அணிக் காரிலிருந்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஜூலையில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நெதர்லாந்தின் நான்கு பெண்களும் உலகின் முதல்தர வீராங்கனைகள். மூன்று வெவ்வேறு கம்பெனி அணிகளில் ஓட்டியவர்கள். ஆஸ்திரியாவின் அன்னா கீஸன்ஹோஃபர் தொடக்கத்திலேயே கிளம்பிப் போனதைக் கணக்கில் வைக்கத் தவறினார்கள். அவர் கணித ஆராய்ச்சியாளர். அன்று அவருக்குக் கம்பெனி அணியும் இல்லை, உடன் ஓட்ட நாட்டுக்காரரும் இல்லை. கடைசி 40 கிலோமீட்டருக்கு மேல் முழுக் காற்றையும் தனியே வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். 75 விநாடி கழித்து வந்த நெதர்லாந்தின் வான் ஃப்ளூட்டன், தங்கம் தனக்குத்தான் என்று நினைத்துக் கைகளை உயர்த்தினார்.