"பேட்ஜ் போட்டிருக்கிறேனே, சார்!"

சென்ற வாரம் எலும்பு அறுவைச் சிகிச்சை அரங்கில் சி-ஆர்ம் எனும் எக்ஸ்ரே கருவியை இயக்கிக்கொண்டிருந்த இளைஞரைப் பார்த்தேன். நோயாளியின் மேசையிலிருந்து இரண்டடி தூரத்தில் நிற்கிறார், உடம்பில் ஈய ஏப்ரன் இல்லை. உடனே வெளியே அழைத்துக் காரணம் கேட்டேன். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, "பேட்ஜ் போட்டிருக்கிறேனே, சார்" என்றார். படித்துப் பட்டயம் வாங்கியவர். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருக்கும் நான் இந்தப் பதிலைக் கேட்பது இந்த ஆண்டில் இது நான்காவது முறை. இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் காட்டியது டிஎல்டி பேட்ஜ், உடம்பில் படும் கதிரை அளக்க நாங்கள் அணியும் சிறு அட்டை. அது கதிரைத் தடுக்காது. தடுக்கவே தடுக்காது. அதற்குள் இருப்பவை அலுமினியத் தகட்டில் பொருத்திய மூன்று சிறு வட்டுகள், டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டால் ஆனவை. உங்கள் மீது பட்ட கதிரின் ஆற்றலில் ஒரு சிறு பங்கை அவை தேக்கி வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கினால் அந்த ஆற்றல் ஒளியாக வெளிவரும். அந்த ஒளியை அளந்துதான் உங்கள் கணக்கு எழுதப்படுகிறது. நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கிறது. அதாவது, ஜனவரியில் ஏப்ரன் இல்லாமல் நின்றதை ஏப்ரலுக்குப் பிறகுதான் அது சொல்லும். வீட்டுச் சுவரில் இருக்கும் மின் மீட்டர் ஷாக் அடிப்பதைத் தடுக்குமா? ஓடிய மின்சாரத்தை எண்ணுவது மட்டுமே அதன் வேலை. பேட்ஜும் அப்படித்தான். பத்து பேட்ஜ் மாட்டிக்கொண்டு நின்றாலும் உங்கள் உடம்பில் பாயும் கதிர் இம்மியளவும் குறையாது.

இந்தத் தவறான நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். பணியில் சேரும் நாளில் ஏப்ரனையும் பேட்ஜையும் ஒரே கையால் கொடுத்து, "இது ரேடியேஷனுக்காக" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஒன்று தடுக்க, மற்றொன்று அளக்க என்று பிரித்துச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைக் கொடுக்காதவர்களில் நானும் இருந்திருக்கிறேன்.

காப்பாற்றுபவை நேரம், தூரம், தடுப்பு ஆகிய மூன்றும்தான். எக்ஸ்ரேயை இயக்கும் பெடலை அழுத்தும் நேரத்தைக் குறையுங்கள். ஓரடி பின்னே நில்லுங்கள்; தூரம் இரட்டித்தால் அளவு ஏறக்குறைய கால்பங்காகும். ஏப்ரன் போடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. முன்பு ஒரு மருத்துவமனையில் கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சைக் கூடம்) ஊழியர் ஒருவருக்குக் காலாண்டுதோறும் பூஜ்ஜியம் என்றே அறிக்கை வந்தது. நாள் முழுக்க ஃப்ளூரோஸ்கோபியில், அதாவது ஓடும் எக்ஸ்ரே படத்துக்கு முன்னால், நிற்பவருக்குப் பூஜ்ஜியமா? விசாரித்தபோது லாக்கரைத் திறந்து காட்டினார். பேட்ஜ் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படாமல் பத்திரமாக இருந்தது. தொலைந்தால் சம்பளத்தில் பிடித்தம் செய்வார்களாம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளருக்கு விதித்த வரம்பு, ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது. அவர் எவ்வளவு வாங்கினார் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பேட்ஜ் தரும் கணக்கு, வேலை மாறினாலும் உங்கள் தனி எண்ணோடு தொடர்ந்து வரும் பதிவு. நாளை உடம்புக்கு ஏதேனும் வந்து நீதி கேட்டு நின்றால், அந்தப் பூஜ்ஜியங்கள் உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

இதற்கு நேர்மாறாக, பேட்ஜோடு சேர்த்து ஏப்ரனை எக்ஸ்ரே அறைக்குள்ளேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அளவு எக்கச்சக்கமாக வந்தது. அந்தக் கதிர் பட்டது ஆணியில் தொங்கிய பேட்ஜுக்கு. ஆனால் விசாரணை முடிந்து அது தெரியவரும் வரை அவர் தூங்கவில்லை.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். பேட்ஜை மார்பு உயரத்தில், ஏப்ரனுக்கு உள்பக்கமாக அணியுங்கள். உள்ளே இருந்தால் எப்படிப் பதிவாகும் என்று கேட்காதீர்கள். ஏப்ரனைத் தாண்டி உடம்புக்கு வந்ததைத்தான் அறிய வேண்டும். முன்பக்கம் வெளியே பார்க்கட்டும். நண்பருக்கு இரவல் கொடுக்காதீர்கள். சட்டையோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். நீங்களே எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளும் நாளில் கழற்றி வையுங்கள். நோயாளியாகப் பெறும் கதிர் பணிக்கணக்கில் சேராது. பணி முடிந்ததும் கதிர் இல்லாத இடத்தில், யாரும் அணியாமல் ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் கட்டுப்பாட்டு பேட்ஜோடு வையுங்கள். அந்தக் கட்டுப்பாட்டு பேட்ஜையே எக்ஸ்ரே அறையின் மேசை இழுப்பறையில் போட்டுவைத்த துறையைப் பார்த்திருக்கிறேன். அதன் அளவைக் கழித்துத்தான் மற்றவர்களின் கணக்கு வரும் என்பதால், அங்கே எல்லோருடைய எண்ணும் குறைந்துபோகும். துறைத்தலைவர்கள் இன்றே அந்த இழுப்பறையைத் திறந்து பாருங்கள்.

கருவுற்றிருக்கும் சகோதரிகளே, தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட்தான். பணி ஒதுக்கீட்டை மாற்றித் தருவது எங்கள் கடமை, நீங்கள் கேட்கும் சலுகை இல்லை.

நிர்வாகங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தொலைந்த பேட்ஜுக்குச் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். அந்தப் பிடித்தத்துக்குப் பயந்துதான் லாக்கருக்குள் பேட்ஜும், ஃப்ளூரோஸ்கோபிக்கு முன்னால் வெறும் சட்டையோடு மனிதரும் நிற்கிறார்கள்.