கிளைத்த பாலிமரை ஒரே எண்ணால் அளக்க முடியாது

கிளைத்த பாலிமர் மாதிரியோடு அளக்கச் சொல்லி என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மூலக்கூறு எடை எவ்வளவு?" கையில் ஏற்கெனவே ஒரு ஜெல் குரோமட்டோகிராபி அறிக்கையும் இருக்கும். அதிலுள்ள எண்ணை அப்படியே நம்ப வேண்டாம் என்பதே என் முதல் பதில்.

அந்தக் கருவியின் குழாய் மூலக்கூறுகளை எடைப்படி பிரிப்பதில்லை. கரைசலில் அவை பிடிக்கும் இடத்தைப் பொறுத்துப் பிரிக்கிறது. ஒப்பிடும் அளவுகோல் வழக்கமாக நேர்ச்சங்கிலி பாலிஸ்டைரீன். அதே எடையுள்ள கிளைத்த மூலக்கூறு அதைவிடக் கச்சிதமானது, தாமதமாக வெளியே வரும். கருவியும் எடையைக் குறைத்து எழுதிவிடும். குழாயின் முடிவில் பல கோண ஒளிச்சிதறல் உணரியை வைத்தால் அந்த அளவுகோலே தேவைப்படாது.

சரி, எடை கிடைத்துவிட்டது. எவ்வளவு கிளைத்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? ஒரே எடையுள்ள கிளைத்த மூலக்கூறு, நேர்ச்சங்கிலி இரண்டின் சுழற்சி ஆரங்களின் (மூலக்கூறின் நிறை அதன் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற அளவு) வர்க்கங்களை ஒப்பிடலாம் என்று 1949-இல் ஜிம்மும் ஸ்டாக்மேயரும் காட்டினார்கள். கிளைகள் கூடக்கூட அந்த விகிதம் 1-இலிருந்து கீழே இறங்கும். ஆனால் ஒழுங்கில்லாமல் மிக அதிகமாகக் கிளைத்த மிகைக்கிளைப் பாலிமர் பலவற்றுக்கு ஒப்பிட நேர்ச்சங்கிலி வடிவமே கிடையாது. அப்போது சுழற்சி ஆரத்தை, இயங்கு ஒளிச்சிதறல் தரும் நீரியக்க ஆரத்தால் (கரைசலில் மூலக்கூறு நகரும் வேகத்திலிருந்து கணிக்கும் ஆரம்) வகுத்துப் பார்ப்போம். திண்மக் கோளத்துக்கு 0.775 வரும், நல்ல கரைப்பானில் நேர்ச்சங்கிலிக்கு ஏறத்தாழ 1.5.

பலர் சறுக்குவது இங்கேதான். ஒரே கலத்தில் வினைபுரிந்து உருவாகும் மிகைக்கிளைப் பாலிமரில் சிறிதும் பெரிதுமாக எல்லா அளவு மூலக்கூறுகளும் இருக்கும். சிதறல் தரும் சராசரி ஆரம் பெரியவற்றின் பக்கமே சாயும், விகிதமும் மேலே ஏறும். 1.5 வந்துவிட்டது, அதனால் கிளையே இல்லை என்று முடிவு கட்டினால் தவறு. தூசியும் இதே வேலையைச் செய்யும். சிறு துகள்கள் சிதறும் ஒளி ஆரத்தின் ஆறாம் அடுக்காகக் கூடுவதால், வடிகட்டாத கரைசலில் அளப்பது வீண்.

நடுவிலிருந்து ஒழுங்காக அடுக்கடுக்காகக் கிளைக்கும், சில நானோமீட்டர் அளவே உள்ள டென்ட்ரைமர்களின் வடிவத்தை ஒளி காட்டாது. 633 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அவை வெறும் புள்ளிகள். அதற்குச் சிறுகோண எக்ஸ் கதிரோ நியூட்ரான் சிதறலோ வேண்டும். கிடைக்கும் வளைகோட்டைக் கிராட்கி முறையில் (சிதறல் வலிமையை, கோணத்தைச் சார்ந்த சிதறல் திசையனின் வர்க்கத்தால் பெருக்கி) வரைந்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: சுருண்ட நேர்ச்சங்கிலி ஏறிச் சமதளமாக நிற்கும், அடர்ந்த கிளை மூலக்கூறு ஒரு முகடு காட்டிவிட்டு இறங்கும்.

டென்ட்ரைமரின் நடுப்பகுதி காலி, முனைகளெல்லாம் ஓட்டில் இருக்கின்றன என்ற படத்தை இன்றும் விளக்கப்படங்களில் பார்க்கிறேன். 1983-இல் டி ஜென், எர்வே இருவரின் கோட்பாடு ஏறக்குறைய அப்படித்தான் சொன்னது. 1990-இல் லெஸ்கனெக், முத்துக்குமார் செய்த கணினி உருவகம் எதிர்மாறாக, நடுவே அடர்த்தி அதிகம் என்றது. நியூட்ரான் சிதறல்தான் வழக்கைத் தீர்த்தது. ஹைட்ரஜனின் சிதறல் நீளம் (அணுக்கரு நியூட்ரானை எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்ற அளவு) −3.74 ஃபெம்டோமீட்டர், அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்துக்கு +6.67. முனைகளில் மட்டும் டியூட்டீரியத்தை வைத்தால் முனைகளைத் தனியே பார்க்கலாம். அவை உள்ளே மடங்கி, மூலக்கூறு முழுக்கப் பரவியிருந்தன. மருந்தைக் காலி அறையில் அடைப்பதுபோல் வடிவமைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கணினிப் பொருத்தம் அழகாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு வடிவத்தை ஏற்காதீர்கள். சிதறலில் கட்டத் தகவல், அதாவது சிதறிய அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின் என்பது, தொலைந்துவிடுகிறது. அளவில் ஒன்றுபோல் இல்லாத கோளங்களின் கலவையும், மங்கலான விளிம்புள்ள ஒற்றை வடிவமும் கிட்டத்தட்ட ஒரே வளைகோட்டைத் தரலாம். மாதிரி அனுப்பும்போது குறைந்தது மூன்று, நான்கு செறிவுகளில் அனுப்புங்கள். ஒன்றையொன்று விலக்கும் மூலக்கூறுகள் சிறுகோணப் பகுதியில் சிதறல் வலிமையைக் குறைத்து, உண்மையைவிடச் சிறிய ஆரத்தைக் காட்டும். சுழிச் செறிவுக்கு நீட்டிப் பார்த்தால்தான் அது வெளிப்படும்.