தூளி கட்டும் முன் நாயைத் தயார்ப்படுத்துங்கள்

"வீட்டுக்குக் கொழந்த வரப்போவுது டாக்டர், நாய யாருக்காவது குடுத்துடலாமா?" தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கமிருந்து என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. பெரும்பாலும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாயைத் தயார்ப்படுத்தியே ஆக வேண்டும், அதுவும் குழந்தை வருவதற்கு முன்பே.

நம் வழக்கம் இதற்கு வசதியானது. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் பெண், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் திரும்புகிறாள். அந்த மாதங்களைப் பலர் வீணாக்கிவிடுகிறார்கள். அதுவரை கட்டிலில் படுத்திருந்த நாயை, குழந்தை வந்த அன்று மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டுகிறார்கள். புதுசாக யாரோ வந்ததும் தன் இடமெல்லாம் போய்விட்டது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். படுக்கிற இடம், சாப்பாட்டு நேரம், வெளியே கூட்டிப்போகிற ஆள் என எதை மாற்றுவதாக இருந்தாலும் இப்போதே மெல்ல மாற்றுங்கள். செல்போனில் குழந்தை அழும் சத்தத்தை மெதுவாக வைத்து, அதற்குப் பிடித்த தீனி கொடுங்கள். குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் அது போட்ட பழைய துணி ஒன்றைக் கொண்டுவந்து நாயை முகரவிடலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது தூளி. சேலையில் கட்டிய தூளி நம் வீடுகளில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில்தான் தொங்கும். நடுத்தர நாய்க்கு மூக்குக்கு நேரே. அது ஆடுகிறது, உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம் வருகிறது, துணிக்குள் கை கால் அசைகிறது. துரத்திப் பிடிக்கும் குணமுள்ள நாயை உசுப்ப இவ்வளவு போதும். சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்தான் என்றில்லை, மடியில் வளர்ந்த பொம்மேரியனும் பாயும். அதனால் குழந்தை வருமுன்பே வெறும் தூளியைக் கட்டி ஆட்டி, கிட்டே போகாமல் படுத்திருக்கப் பழக்குங்கள். பழகிவிட்டது என்பதற்காகத் தனியே விட்டுவிடக் கூடாது. பால் காய்ச்சப் போகிற இரண்டு நிமிடமானாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். ஒற்றை அறை வீடென்றால் வாசலில் ஒரு மரத்தடுப்பு அவசியம்.

முதல் நாள் அம்மா வெறுங்கையோடு உள்ளே வரட்டும். இத்தனை மாதம் பார்க்காத ஆசையில் நாய் தாவும், கொஞ்சிவிடுங்கள். அது அடங்கிய பிறகு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் கால் பக்கம் மட்டும் முகரவிடுங்கள். முகத்தை முகத்தோடு வைத்து ரீல்ஸ் எடுக்கிறார்களே, பார்க்கவே பதறுகிறது. தயவுசெய்து வேண்டாம்.

நாய் உறுமினால் அடிக்காதீர்கள். "கிட்டே வராதே" என்று சொல்ல அதற்கு இருக்கிற வழி அது. அடித்து அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். உறுமலுக்கு முன்பே உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், உடம்பு விறைக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். அப்போதே விலக்கிவிடுங்கள். தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், வலி கூடக் காரணமாக இருக்கலாம்.

ஏழெட்டு மாதத்தில் குழந்தை தவழத் தொடங்கியதும் மறுபடி உஷாராக வேண்டும். அதுவரை நாய்தான் குழந்தையிடம் போனது. இப்போது குழந்தை தட்டில் கை வைக்கும், வாலை இழுக்கும். நாய் ஒதுங்கிப் படுக்க, குழந்தையின் கை எட்டாத ஓர் இடம் வேண்டும்.

ரேபிஸ் ஊசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து மூன்றையும் குழந்தை வருமுன் முடித்துவிடுங்கள். அப்புறம், சின்ன நகக்கீறல்தானே என்று மஞ்சள் வைத்து விட்டுவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டுமா என்பதை அங்கேதான் முடிவு செய்ய வேண்டும்.