பெயர் சொல்லத் தெரியாத வயதில் விபத்தில் சிக்கும் குழந்தைகள்

கார் விபத்தில் பெரியவர்கள் நினைவிழந்துவிட்டால், உடன் வந்த சிறு குழந்தையின் பெயர் என்ன, அது யாருடைய பிள்ளை என்று சொல்ல அந்த இடத்தில் ஒருவரும் இருப்பதில்லை. குழந்தையைக் கேட்டால் ‘பாப்பா’ என்றோ ‘அப்பு’ என்றோ வீட்டில் கூப்பிடும் பெயரைத்தான் சொல்லும். பலத்த காயமடைந்த பெற்றோரை ஒரு 108 ஆம்புலன்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், லேசான காயமுள்ள குழந்தையை இன்னொன்று அருகிலுள்ள தாலுகா மருத்துவமனைக்கும் கொண்டுபோவதும் உண்டு. அவ்வாறு தனியே வந்து சேரும் குழந்தை ‘பெயர் தெரியாத ஆண் குழந்தை, வயது சுமார் 2’ என்று விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. குழந்தைகள் அவசர சிகிச்சையில் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில், இந்த வரியை எழுத நேராமல் இருக்கப் பெற்றோர் என்ன செய்யலாம் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

பெயர் தெரியவில்லை என்பதற்காகச் சிகிச்சை நிற்காது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்குபவர் எந்த ஊரைச் சேர்ந்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். உயிர் காக்கும் சிகிச்சைக்குப் பெற்றோரின் கையெழுத்துக்காக நாங்கள் காத்திருப்பதும் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. குழந்தைக்கான மருந்தும் திரவமும் ரத்தமும் எடையைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. 10 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்தமே ஏறத்தாழ 800 மில்லிலிட்டர் ரத்தம்தான் இருக்கும். எடை பார்க்க முடியாத நிலையில், உடல் நீளத்தை அளந்து எடையைத் தோராயமாகக் கணிக்கும் நாடா உதவுகிறது. ஆனால் குழந்தைக்கு வலிப்பு மருந்து கொடுக்கப்பட்டு வருகிறதா, பென்சிலின் ஒவ்வாமை உண்டா, ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய் இருக்கிறதா என்பதை எந்த நாடாவும் சொல்லாது.

அடையாளம் தெரியாததைவிட, அடையாளம் மாறிப்போவதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். பழனியிலோ திருப்பதியிலோ முடியிறக்கிவிட்டு ஒரே வேனில் திரும்பும் குடும்பத்தில், ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு குழந்தைகள், இருவருக்கும் மொட்டை, இருவர் இடுப்பிலும் அரைஞாண் கயிறு, இருவர் கன்னத்திலும் திருஷ்டிப் பொட்டு என்று வந்தால், தொலைபேசியில் உறவினர் சொல்லும் அடையாளம் இருவருக்குமே பொருந்திவிடும். அவர்கள் அனுப்பும் படத்திலோ குழந்தைக்குத் தலைநிறைய முடி இருக்கும். ஒருவரின் மருத்துவ விவரம் மற்றவரின் கேஸ் ஷீட்டில் ஏற இது போதும். ஆகவே பயணம் புறப்படும் அன்றும், முடியிறக்கிய பின்னும், குழந்தையின் முகம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படமெடுத்து, உடன் வராத உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

‘உடன் வராத’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவசரத் தொடர்புக்கென்று எழுதி வைக்கப்படும் இரண்டு எண்களும் பெரும்பாலும் தாய் தந்தையருடையவை. இருவருமே அதே காரில்தான் இருந்திருப்பார்கள். அவர்களது கைப்பேசிகள் பூட்டப்பட்டிருக்கும் அல்லது நொறுங்கியிருக்கும். பூட்டிய திரையிலேயே அவசரத் தகவலைக் காட்டும் வசதி இன்றைய கைப்பேசிகளில் இருந்தும் அதை நிரப்பி வைத்திருப்பவர்கள் சிலரே. வண்டி எண்ணைக் கொண்டு காவல்துறை உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அது வாடகை வண்டியாக இருந்தால், டிராவல்ஸ்காரருக்குத் தெரிந்தது முன்பதிவு செய்தவரின் எண் மட்டுமே.

குழந்தைகளுக்கான கார் சீட் வைத்திருப்பவர்கள், குழந்தையின் படம், பெயர், பிறந்த தேதி, எடை, நோய் மற்றும் ஒவ்வாமை விவரம், உடன் வராத ஒருவரின் எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி, சீட்டின் பக்கவாட்டில் அழுத்தமாக ஒட்டிவைக்கலாம். கண்ணாடி வழியே வெளியார் படித்துவிடும்படி ஒட்ட வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் குழந்தையின் பெயரைத் தெரிந்துகொள்வது நல்லதல்ல. உண்மையில் நம் ஊரில் குழந்தைகள் பெரும்பாலும் மடியில்தான் பயணிக்கின்றன. 14 வயதுக்குட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதம் கிடக்கட்டும், மடியிலிருந்த குழந்தை மோதலில் தூக்கியெறியப்பட்டுப் புதரிலோ இருக்கைக்கு அடியிலோ கிடந்தால், இரவு நேரத்தில் அப்படியொரு குழந்தை இருந்ததே மீட்பவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

திருவண்ணாமலை தீபத்தின்போது குழந்தைகளின் கையில் பெற்றோரின் எண் எழுதிய பட்டையைக் காவல்துறையினர் கட்டிவிடுகிறார்களே, நெடும்பயணத்திற்கும் அதையே செய்யலாம். கைக்குழந்தையின் கழுத்தில் மட்டும் எதையும் மாட்டாதீர்கள். எண்ணைச் சட்டையில் எழுதுவதால் பயனில்லை, காயத்தைப் பார்க்க நாங்கள் முதலில் கத்தரிப்பது சட்டையைத்தான்.

விபத்தைக் கண்டு உதவிக்கு ஓடிவருபவர்கள், 108-ஐ அழைக்கும்போதே குழந்தைகள் எத்தனை பேர் என்பதைச் சொல்லிவிடுங்கள். அண்ணன் தங்கையை இயன்றவரை ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றச் சொல்லி, குழந்தையின் பையையும் உடன் அனுப்பி, எந்த மருத்துவமனைக்குப் போகிறது என்று குறித்துக்கொண்டு காவலரிடம் தெரிவியுங்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. குழந்தையைப் படமெடுத்தால் அதைக் காவலரிடமோ ஆம்புலன்ஸ் ஊழியரிடமோ மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பினால், எங்கள் அழைப்பு வருவதற்கு முன்பே குழந்தையின் பாட்டியின் கைப்பேசியில் அந்தப் படம் வந்து விழும்.