அது சாட்சிக் கையெழுத்து இல்லை சார்

போன வருடம் மே மாதம், கிளையில் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து ஒரு சார் வந்தார். உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியர், அவருடைய சபையில் ஓய்வுநாள் பாடசாலைக்கும் பொறுப்பு அவர்தான். மகளுக்குக் கல்விக் கடன் கேட்டு வேறொரு வங்கிக்குப் போயிருக்கிறார். உங்கள் சிபில், அதாவது கடன் கட்டிய வரலாற்றுப் பதிவு, சரியில்லை, எங்கேயோ ஒரு வண்டிக் கடன் கட்டாமல் நிற்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "மேடம், நான் வாழ்க்கையில கடன் வாங்கி ஒரு சைக்கிள்கூட வாங்கினதில்லை" என்றார். குரலில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது.

அந்த வண்டிக் கடன் எங்கள் கிளையில்தான் இருந்தது. கணக்கைப் பார்த்தேன், அப்புறம் அலமாரியிலிருந்து கடன் கோப்பையே எடுத்து அவர் முன்னால் விரித்தேன். லோடு ஆட்டோ வாங்க 4,50,000 ரூபாய், 48 மாதம், மாதத் தவணை 11,520. வாங்கியவன் அவருடைய சபைப் பையன், பாடகர் குழுவில் பாடுகிறவன். ஜாமீன்தாரர் என்று அச்சடித்த இடத்தில் சாருடைய கையெழுத்து, கரும்பலகையில் எழுதிப் பழகிய அழகான எழுத்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்தை இரண்டு தரம் பார்த்தார். "சாட்சிக் கையெழுத்துன்னுதானே சொன்னான்..."

22 வருடமாக வங்கியில் இருக்கிறேன், பெரும்பகுதி கடன் பிரிவில், அதுவும் தெற்கத்திச் சீமையில். இந்த ஒரு வாக்கியத்தை ஆசிரியர்களிடமும் நர்ஸ்களிடமும் ஓய்வுபெற்ற தபால்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன், அதில் பாதிப்பேர் என்னைப்போல ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். சொல்கிற சம்பவங்களில் ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் சட்டம். சாட்சிக் கையெழுத்து என்பது, இவர் என் கண்முன்னால் கையெழுத்திட்டார் என்று சொல்வது மட்டும்தான், பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜாமீன் கையெழுத்து அப்படியல்ல. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. பாதி இல்லை, முழுசும், வட்டியோடு. முதலில் அவனைப் பிடியுங்கள், அவனிடம் கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள் என்று வங்கியிடம் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 1968-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்காகித் தீர்ப்பும் வந்துவிட்டால் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாய் போக, மீதியில் மூன்றில் ஒரு பங்குவரை பிடிக்கலாம். மாதச் சம்பளக்காரர்களைத் தேடிவந்து ஜாமீன் கேட்பது இதனால்தான். சபையில் யார் யாருக்கு அரசுச் சம்பளம் என்பது எல்லாருக்கும் தெரியும், இல்லையா.

சாருக்கு வங்கி நோட்டீஸ் அனுப்பியிருந்தது. அவர் வீடு மாறியிருந்ததால் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிட்டது.

ஏன் சார் படித்துப் பார்க்கவில்லை என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது பையன் தாளை நீட்டியிருக்கிறான், பக்கத்தில் அவன் அம்மா, கண்ணெல்லாம் கலங்கி. "நம்ம சபைப் பிள்ளை மேடம், எப்படி இல்லைன்னு சொல்றது. விசுவாசி விசுவாசிக்கு உதவலைன்னா வேற யாரு உதவுவா." அந்த மனசை நான் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் நாம் கையில் வைத்திருக்கும் வேதமே இந்த விஷயத்தில் எவ்வளவு கறாராகப் பேசுகிறது என்பதைப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. நீதிமொழிகள் 6-ம் அதிகாரம் அதில்தான் தொடங்குகிறது: சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டுவிட்டாயா, உன் வாயின் வார்த்தையால் நீயே சிக்கிக்கொண்டாய், போய் உன்னைத் தாழ்த்தி அவனை வருந்திக் கேள், கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வேட்டைக்காரன் கையிலிருந்து வெளிமான் தப்புவதுபோலத் தப்பித்துக்கொள். 22-ம் அதிகாரம் இன்னும் நேரடி. செலுத்த உன்னிடம் ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையைக்கூட எடுத்துக்கொண்டு போவான் என்கிறது. வசூலுக்குப் போன வீடுகளில் கட்டில் பீரோ கொடுத்துக் கடன் தீர்த்தவர்களைப் பார்த்தவள் நான், அந்த வசனம் எனக்கு வெறும் உவமை இல்லை.

அப்படியானால் ஒருவருக்கும் ஜாமீன் போடவே கூடாதா? பவுல் போட்டிருக்கிறார். பிலேமோனுக்கு, அவருடைய அடிமை ஒநேசிமுவுக்காக எழுதிய சின்னக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள், ஒநேசிமு உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, "பவுலாகிய நான் இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்கிறார். வங்கிக்காரி கண்ணால் பார்த்தால் இது அப்பழுக்கில்லாத ஜாமீன் பத்திரம். யாருக்காக என்று தெரியும், யாரிடம் என்று தெரியும், தன் கையெழுத்து, முழுப் பொறுப்பு. "அவன் கட்டிவிடுவான், பயப்படாதே" என்று பவுல் எழுதவில்லை, நான் கட்டுவேன் என்று எழுதினார். நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது இதுதான்: நாளைக்கே அந்தத் தொகையை உங்கள் கையிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டிவந்தால், பிள்ளைகள் படிப்பைத் தொடாமல், மனைவிக்குத் தெரியாமல் ஒளிக்காமல், மனம் கசக்காமல் கட்ட முடியுமா? முடியுமென்றால் போடுங்கள். முடியாதென்றால் தம்பி, என்னால் முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்னவருக்குப் பின்னால் போகிற நமக்கு அந்த 'இல்லை' ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறதோ தெரியவில்லை.

பெண்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சுய உதவிக் குழுவிலோ மைக்ரோ ஃபைனான்ஸிலோ "உங்க பேர்ல எடுத்துக் குடுங்கக்கா, நான் மாசாமாசம் கட்டிடுறேன்" என்று வருவார்கள், பல நேரம் ஜெபக் கூட்டத்தில் பக்கத்தில் முழங்கால்படியிடுகிறவராகவே இருப்பார். அங்கே நீங்கள் ஜாமீன்தாரர்கூட இல்லை, கடன்காரரே நீங்கள்தான். பணம் யார் கைக்குப் போனது என்பதை எந்தத் தாளும் சொல்லாது. அதேபோல, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் காசோலை கொடுப்பது. வெற்றுக் காசோலைதானே, நான் தொகை எழுதவில்லையே என்கிற வாதம் நீதிமன்றத்தில் நிற்பது ரொம்பக் கஷ்டம்.

இனி கடன் வாங்கியவர் பக்கம். எனக்கு அதிகம் வலிப்பது இந்தப் பக்கம்தான்.

தவணை நின்றுபோனவர்களுக்கு போன் செய்தால் நம் ஜனங்களிடமிருந்து வருகிற பதில் பெரும்பாலும், "ஜெபிச்சிக்கிட்டு இருக்கோம் மேடம், கர்த்தர் ஒரு வழி திறப்பார்." நானும் ஜெபிக்கிறவள்தான், என் வீட்டில் கர்த்தர் வழி திறந்த நாட்களை எண்ணிச் சொல்ல முடியும். ஆனால் கடனில் மாட்டிய குடும்பத்துக்கு அவர் எப்படி வழி திறந்தார் என்று 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில் ஒரு கதை இருக்கிறது, அதைக் கடைசிவரை படிக்க வேண்டும். புருஷனை இழந்தவள், கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். எலிசா தீர்க்கதரிசி அவளிடம் கேட்பது, வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது என்று. கணக்கெடுப்பு! ஒரு குடம் எண்ணெய் இருக்கிறது. அப்புறம் அக்கம்பக்கத்தில் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்க வேண்டும், கதவைப் பூட்ட வேண்டும், பிள்ளைகள் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்க அவள் வார்க்க வேண்டும். எண்ணெய் பெருகியது அற்புதம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அற்புதம் முடிந்தபிறகும் கடன் அப்படியே இருந்தது. போய் எண்ணெயை விற்று உன் கடனைத் தீர்த்துவிட்டு, மீந்ததைக் கொண்டு பிழைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். கடன் முதலில், மீதிதான் வீட்டுச் செலவு.

நம் வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. சாருடைய பையன் விஷயத்தையே எடுங்கள். புது வண்டி வந்த அன்றைக்குக் கோயில் முன்னால் நிறுத்திப் போதகர் ஐயர் ஜெபம் பண்ணியிருக்கிறார், நல்ல காரியம். அதே வாரம் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு, அதற்குத் தண்டல்காரரிடம் 60,000 ரூபாய். தண்டல்காரர் தினமும் சாயங்காலம் வாசலுக்கு வந்து நின்று சத்தம் போடுவார், அவருக்கு ஒருநாள் தவறாமல் போயிருக்கிறது. சத்தம் போடாத வங்கிக்குக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களைச் சபையில் ஏலம் விடும்போது ஒரு வாழைத்தாரை 3,000 ரூபாய்க்கு எடுத்தானாம், அதே மாதத்தில் தவணை திரும்பியிருக்கிறது. காணிக்கை கொடுக்காதே என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அடுத்தவனுக்குச் சேர வேண்டிய பணத்தைக் காணிக்கைப் பையில் போடும்போது, நாம் கொடுப்பது நம்முடையதுதானா என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

தவணை தவறும் என்று தெரிந்தால் அந்த மாதமே கிளைக்கு வாருங்கள். 30 நாள், 60 நாள் என்று வங்கி எண்ணிக்கொண்டே வரும், 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்னால் வந்தால் தேதியை மாற்றலாம், காலத்தை நீட்டிக்க முடியுமா என்று பார்க்கலாம், உண்மையான காரணம் இருந்தால் எங்களாலும் மேலிடத்தில் பேச முடியும். பிறகு வந்தால் எங்கள் கையும் கட்டப்பட்டுவிடும். ஆனால் மனிதர்கள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறார்கள், போனை எடுப்பதில்லை, பஜாரில் என்னைப் பார்த்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுகிறார்கள். ஏதேன் தோட்டத்திலிருந்தே மனிதனுக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது.

ஒளியாமல் வந்தவர் ஒருவர் உண்டு. பீடி சுற்றுகிற அம்மா. புருஷன் கடை வைக்க வாங்கிய கடன் பாதியில் நிற்கும்போது அவர் இறந்துவிட்டார். அந்த அம்மா ஜாமீனும் போடவில்லை, இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்பு, அவர் விட்டுப்போனதும் ஒன்றுமில்லை என்று நானே எடுத்துச் சொன்னேன். "சரிம்மா, சட்டம் அப்படி. அவுக பேர கடன்காரன்னு இந்த நோட்டுல போட்டு வெச்சிருப்பீகளே" என்றார். பீடிக் கூலி வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை, மடித்து மடித்துச் சின்னதாக்கிய ரூபாய் நோட்டுகளை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசையில் நீவிவைப்பார். மூன்று வருடம் சொச்சம் ஆனது. கடைசித் தவணையன்று நிலுவை இல்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு, எங்கே அவுக பேரு எழுதியிருக்கு என்று கேட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர், அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

சார் கதைக்கு வருகிறேன். நீதிமொழிகளில் சொன்னதுபோலவே, அன்றைக்கு ராத்திரியே பையன் வீட்டுக்குப் போயிருக்கிறார். சண்டை போடவில்லை. உட்கார்ந்து, கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு பழைய நோட்டில் அவனுடைய வரவு, டீசல், தண்டல், சாப்பாடு எல்லாவற்றையும் எழுத வைத்திருக்கிறார். திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து கிளைக்கு வந்தார்கள். 5 தவணை நின்றிருந்தது, 57,600 ரூபாய், அதன்மேல் அபராதக் கட்டணம். முழு நிலுவையும் கட்டினால்தான் மறுபடி நல்ல கணக்காகும் என்றேன். பையன் தன்னுடைய பைக்கை விற்றான், 42,000 கிடைத்தது. மீதியை சார் போட்டார், இந்தத் தடவை அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லி. ஜாமீன்தாரர் கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெறச் சட்டத்தில் உரிமை உண்டு, இதுவும் பலருக்குத் தெரிவதில்லை.

கிளம்பும்போது சார் ஒன்று கேட்டார், இதை முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி இருந்ததா என்று. இருக்கிறது. சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலிருந்தும் வருடத்துக்கு ஒருமுறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். நீங்கள் ஜாமீன் போட்ட கடன்களும் அதில் தெரியும். யாருக்காவது எப்போதாவது கையெழுத்துப் போட்ட ஞாபகம் லேசாக இருந்தாலும் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வீடு மாறினால் ஜாமீன் போட்ட வங்கிக்கும் புது முகவரியைக் கொடுங்கள்.

மகளுக்குக் கடன் உடனே கிடைக்கவில்லை, பழைய பதிவு ஒரே நாளில் மறைந்துவிடாது. முதல் வருடக் கட்டணத்துக்கு சார் வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுத்தார். இப்போதும் இரண்டு பேரும் அதே சபைதான், பையன் பாடுகிறான். தவணைத் தேதியை 7 என்று மாற்றிக்கொண்டான், வாடகைப் பணம் 5-ம் தேதிக்குள் வந்துவிடுவதால். கட்டிய கையோடு ரசீதைப் படமெடுத்து சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். சார் அதை எனக்கு அனுப்புகிறார், ஒரு வார்த்தைகூட எழுதாமல். நேற்று 13-வது வந்தது.