ஹோலோடைப் – மூலமாதிரி

பார்க்காத மீன் ஒன்று கடலில் கண்ணில் பட்டதும் அது புதிய சிற்றினம் ஆகிவிடாது. பெயர் வைக்க வேண்டுமானால், அந்தப் பெயரைத் தாங்கி நிற்க ஓர் உடல் தேவை. அதுதான் ஹோலோடைப். கிரேக்கத்தில் ‘ஹோலோஸ்’ முழுமை. ‘டைபோஸ்’ அடித்துப் பதித்த அச்சு. ஆய்வாளர் தம் விவரிப்பில் ‘இதுவே’ என்று சுட்டும் ஒற்றை மாதிரி அது. உடன் வைத்து ஆராய்ந்த மற்றவை பாராடைப்.

ஆஸ்திரேலியாவில் ஜெர்விஸ் விரிகுடாப் பக்கம் சிவப்பு நிறக் குழல்மீன் (பைப்ஃபிஷ்) ஒன்றை 2002இலேயே கவனித்து, இது வேறு என்று ஐயப்பட்டவர் கடலுயிரியலாளர் டேவிட் ஹராஸ்டி. அது ஸ்டிக்மடோபோரா ஹராஸ்டியை என்ற பெயரைப் பெற்றது 2020இல்தான். இடைவெளியை நிரப்பியது மாதிரிகள் மீதான வேலை. கடல்குதிரையின் உறவான இம்மீனுக்கு உடல் முழுக்க எலும்பு வளையங்கள். வளையங்களையும் முதுகுத் துடுப்பின் கதிர்களையும் எண்ண வேண்டும். துடுப்பு எந்த வளையத்தில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பதப்படுத்தச் சாராயத்தில் போட்டதும் சிவப்பு வெளுத்துவிடும் என்பதால் உயிருடன் எடுத்த படமும் அவசியம். பதப்படுத்தும் இன்னொரு திரவமான ஃபார்மலின் மரபணுவைச் சிதைக்கும். அதில் இடுமுன் சிறு தசைத்துணுக்கை வெட்டி வைத்துக்கொள்வார்கள். கடற்புல்லில் வாழும் உறவினங்களைப் போலன்றி இது செம்பாசிகளுக்கும் கடற்பஞ்சுகளுக்கும் நடுவே வாழ்கிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘முழுமாதிரி’ என்றால் உடல் சிதையாமல் இருப்பதாகப் பொருள் வந்துவிடும். உடைந்த எலும்புகூட ஹோலோடைப் ஆகலாம். ‘முன்மாதிரி’ பின்பற்றத்தக்கது என்ற பொருளில் ஊன்றிவிட்டது. ‘வகைமாதிரி’ டைப் என்ற பொதுச்சொல்லுக்கே போதும். என் தேர்வு மூலமாதிரி. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் வழக்கை நினையுங்கள்: சுந்தரர் கிழித்தது படியோலை (நகல்), அவையில் செல்லுபடியானது மூல ஓலை. ஐயம் எழுந்தால் எடுத்துப் பார்க்கும் இறுதிச் சான்று என்ற பொருள் ‘மூல’த்தில் அன்றே இருக்கிறது. பாராடைப்புக்குத் துணைமாதிரி.

பாக் நீரிணையின் கடற்புல்லில் விநோதமான குழல்மீனைக் கண்டால் படம் எடுங்கள், இடத்தையும் ஆழத்தையும் குறியுங்கள். பிடிக்கக் கூடாது: 2001 முதல் குழல்மீன்கள் உட்படக் கடல்குதிரைக் குடும்பம் முழுவதும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. மூலமாதிரி எடுக்க ஆய்வாளருக்கும் அனுமதி வேண்டும்.