கடல் வரைக்கும் ஐந்தே கோடுகள்

திருச்சிப் பக்கத்தின் பழைய அங்குல வரைபடத்தை விரித்தால், நம் கண் முதலில் காவிரியின் நீலத்தைத் தேடும். கண்ணில் படுவது பெரும்பாலும் புள்ளிகள்தான். புள்ளி என்றால் மணல். ஆற்றுப் படுகையைப் புள்ளிகளால் நிரப்பிவிட்டு, தண்ணீர் ஓடும் தடத்துக்கு மட்டும் நீலம் தீட்டியிருப்பார்கள்.

இதில் 1 அங்குலம் என்பது தரையில் 1 மைல். பழுப்பு நிறத்தில் வளைந்து போகிறவை சம உயரக் கோடுகள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களைத் தொட்டுக்கொண்டே போகும் கோடுகள் அவை. 50 அடிக்கு ஒரு கோடு என்று கணக்குப் போடுவோம். மலைக்கோட்டைப் பாறை சுமார் 83 மீட்டர், அதாவது 270 அடிச் சொச்சம். ஐந்து கோடுகள், ஒரு விரல் நகத்துக்குள் அடங்கிவிடும். சரி, அங்கிருந்து காவிரி கடலில் கலக்கும் பூம்புகார் வரை? திருச்சி நகரமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் இறங்குவதற்கும் ஐந்தே கோடுகள். தூரமோ சுமார் 130 கி.மீ. தாள்களை ஒட்டி நீட்டினால் ஏழடிக்குக் கொஞ்சம் குறையும்!

இப்படிப்பட்ட சமதளத்தில் சில அடி ஏற்ற இறக்கமே ஆற்றின் போக்கைத் தீர்மானித்துவிடும். முக்கொம்பில் காவிரி பிரிகிற இடத்தில் கொள்ளிடம்தான் தாழ்வு. தண்ணீர் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போக, காவிரிக் கிளை மணல் மேடிட்டது. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியது அதற்காகத்தான்.

அளப்பவர்களுக்கும் சமதளம் பெரும்பாடு. 1802-இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே ஒரு நேர்கோட்டைத் துல்லியமாக அளந்தார். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்புறம் முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுக்கப் போகலாம். ஆனால் ஒரு முனையிலிருந்து அடுத்த முனை கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! டெல்டாவில் குன்று இல்லை, தென்னந்தோப்புகள் பார்வையை மறைக்கின்றன. உயரமாக இருந்தவை கோயில் கோபுரங்கள்தான்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கோணமளக்கும் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். எடை சுமார் அரை டன். பாதியில் ஒரு கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் படிக்கும் பெரிய வட்டம் நெளிந்துபோனது. அந்த வட்டம் மயிரிழை கோணினாலும் எல்லா முக்கோணமும் தப்பாகிவிடும். லாம்ப்டன் அதோடு கூடாரத்துக்குள் போனவர், ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, வாரக்கணக்கில் அந்த வட்டத்தை இழுத்து இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அளவை மறுபடி தொடங்கியது, அதே கருவியோடு.